ஐந்து மணிக்குள் ஓர் அறை

நேபாளத்துக்குக் காரில் போய் வந்தோம் என்று சொன்னால் முடிச்சூரில் எங்கள் தெருவில் கேட்கிற முதல் கேள்வி, "மைலேஜ் எவ்ளோ குடுத்துச்சு?" இரண்டாவது கேள்வி, "ரூமெல்லாம் முன்னாடியே புக் பண்ணிட்டீங்களா?" முதல் கேள்விக்குப் பதில் சுலபம். பழைய டீசல் கார், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது கேள்விக்காக நானும் என் மனைவி ரஹ்மத்தும் இருபத்தாறு நாள் சண்டை போட்டோம். அந்தச் சண்டை நேபாளத்தில் முடியவில்லை. வீட்டுக்கு வர அரை மணி நேரம் இருந்தபோது, கூடுவாஞ்சேரியில் முடிந்தது.

என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் பர்ச்சேஸில் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவன் நான். மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு போல்ட்கூட வாங்கியதில்லை. பொருளைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுத்ததில்லை. லாட்ஜ் அறையும் எனக்கு அப்படித்தான். சாயங்காலம் காலியாகக் கிடக்கிற அறை, விடிந்தால் யாருக்கும் பயனில்லாத சரக்கு. நேரில் போய் நின்றால் விலை இறங்கும். போனில் படத்தைப் பார்த்து புக் பண்ணினால், நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு கட்டிலுக்காக நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். வழியில் நல்ல ஊர் வந்தாலும் நிற்க முடியாது.

ரஹ்மத்தின் கட்சி வேறு. மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் போயிற்று. ஒரு நாள் தாம்பரத்திலிருந்து தி.நகருக்குப் போன பஸ், பல்லாவரத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. அன்று பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் அவளுக்கு நடக்கக்கூடாதது நடந்தது. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தவள், பிறகு முடிச்சூரைத் தாண்டவில்லை. குரோம்பேட்டையில் இருக்கிற என் தங்கை வீட்டு விசேஷத்துக்குக்கூட வரவில்லை. மாத்திரையிலும் பயிற்சியிலும் உடம்பு எப்போதோ சரியாகிவிட்டது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே நான் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல சார், பயம்தான் பாக்கி. வெளிய கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒரு தடவ அசிங்கப்பட்டாங்கன்னா, அடுத்த தடவ வாசப்படி தாண்ட மாட்டாங்க" என்றார்.

மூன்று வருஷம் வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் பனிமலை வீடியோக்களாகப் பார்த்தவள், ஒரு நாள் அவளாகவே கேட்டாள். "நம்ம கார்னா நிறுத்துன்னு சொன்ன எடத்துல நிக்கும் இல்ல?" அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் கிளம்பினோம். விமானம், ரயில் என்ற பேச்சே எழவில்லை. வரிசையில் நிற்கிற கழிவறை எதுவுமே அவளுக்கு ஆகாது.

"ராத்திரி எங்க படுக்கப் போறோம், அங்க பாத்ரூம் எப்படி இருக்கும்னு காலைலயே எனக்குத் தெரியணும்" என்றாள். நான் என் கட்சியைச் சொன்னேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம். சாயங்காலம் ஐந்து மணிக்குள், அறையோடு சேர்ந்த சுத்தமான பாத்ரூம் உள்ள ஓர் அறையை நான் பிடித்துவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மிச்ச எல்லா ஊருக்கும் முன்கூட்டியே புக் பண்ணிவிட வேண்டும். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு செல்வத்திடம் கொடுத்தோம். தீபாவளி கழிந்த அடுத்த வாரம், விடியற்காலை தொழுகை முடித்துக் கிளம்பினோம்.

முதல் நாள் ஓங்கோலில் தங்கினோம். நாலு மணிக்கே மூன்று லாட்ஜ் ஏறி இறங்கிவிட்டேன். மூன்றாவது ஆள் ஆயிரத்து எண்ணூறு சொல்லி ஆயிரத்து இருநூறுக்கு வந்தார். பாத்ரூமைத் திறந்து, குழாயைத் திருகி, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சாவியை ஆட்டிக்கொண்டே காருக்கு வந்தேன். ரஹ்மத் உள்ளே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, "பரவால்ல" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் கோங்குரா துவையல் வைத்தார்கள். நாங்கள் காரம் சாப்பிடுகிறவர்கள் என்று இதுநாள் வரை நினைத்துக்கொண்டிருந்தோம். அது தவறு என்று அன்று தெரிந்தது.

வடக்கே போகப் போக ஒரு புதுத் தொல்லை. லாட்ஜ்காரர்கள் ஆதாரில் எங்கள் பெயரைப் பார்த்ததும் சலாம் சொல்லிவிட்டு உருதுவில் பொழிய ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டில் உருது தெரிந்தவர் யாரும் இல்லை. தமிழ்தான் பேசுவோம் என்று சொன்னால் நம்பாமல் என் முகத்தையும் ஆதாரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர், "அப்படியானால் வீட்டில் சண்டை எந்த மொழியில் போடுவீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். அதை ரஹ்மத் எப்படியோ புரிந்துகொண்டு, "தமிள்ல" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். கிளம்பி நாலு நாளில் அவள் முன்பின் தெரியாத ஆளோடு சிரித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு ஊரையே ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆனால் அடுத்த நாளே ஜபல்பூரில் வசமாக மாட்டிக்கொண்டேன். ஏதோ அரசு வேலைக்கான பரீட்சை. ஊர் முழுக்கத் தோள்பையோடு இளைஞர்கள். எந்த லாட்ஜில் ஏறினாலும் கையை விரித்தார்கள். நாலே கால் ஆயிற்று, நாலரை ஆயிற்று. ரஹ்மத் காரில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கடிகாரத்தைக் காட்டவில்லை, ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்தவில்லை. எனக்கே அது வியப்பாக இருந்தது. கடைசியில் ஒரு பஞ்சர் கடைக்காரரைக் கேட்டு, அவர் கை காட்டிய சந்தில், ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓர் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சமையலறை. ஆனால் பாத்ரூம் பளிச்சென்று இருந்தது. அன்று ராத்திரி ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே, என் தொழில் அனுபவத்தைப் பற்றி அவளுக்கு அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

ஏழாம் நாள் எல்லையைக் கடந்தோம். சுனௌலியில் லாரிகள் நின்ற நிலையைப் பார்த்தால், பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூர்தான் ஞாபகம் வரும். ஒரே வித்தியாசம், இங்கே யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. இறங்கி நின்று டீ குடித்தார்கள். நின்றுபோன வண்டிகளைப் பார்த்ததும் ரஹ்மத்தின் கை கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டது. நான் காரை ஓரமாக விட்டுவிட்டு, அவளை ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரப் பெண், கேட்காமலேயே பின்பக்கம் இருந்த கழிவறையைக் காட்டினாள். பெண்களுக்குள் இதெல்லாம் எப்படித்தான் தெரியுமோ. சோறு, பருப்பு, கீரை, முள்ளங்கி ஊறுகாய். சோறு தீரத் தீரக் கொண்டுவந்து கொட்டினாள். போதும் என்று கையால் மறைத்தால், விரல் சந்தில் விழுகிற மாதிரி இன்னொரு கரண்டி. அந்த ஒரு விஷயத்தில் அவள் நம்ம ஊர்க்காரி.

அடுத்த நாள் மலைப்பாதையில் சைலன்சர் உடைந்து தொங்கியது. கார் போட்ட சத்தத்தில் மலையே எழுந்து வந்துவிடும் போல இருந்தது. ரோட்டோரத்தில் ஒரு சின்னக் கடை. வாசலில் மோமோ வேகவைத்துக்கொண்டிருந்த ஆள், எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டுக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"டிஎன் பதினொண்ணு! தாம்பரமாண்ணா?"

நாங்கள் வாயைப் பிளந்தோம். பெயர் பிஷ்ணு. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஃபாஸ்ட்ஃபுட் கடையில் எட்டு வருஷம் ஃப்ரைடு ரைஸ் மாஸ்டராக இருந்தவராம்.

"இன்னாண்ணா இவ்ளோ தூரம் வந்துகினீங்க! கேம்ப் ரோடு சிக்னலு இப்போ எப்டி கீது?"

"அப்படியேதான் இருக்கு" என்றேன்.

"பேஜாரு" என்றார், நெஞ்சாரச் சந்தோஷத்தோடு.

வெல்டிங் வைக்கிற ஆளைப் போன் போட்டு வரவழைத்தார். அவர் வந்து வேலை முடிப்பதற்குள் மணி மூன்றரை ஆகிவிட்டது. அடுத்த ஊரில் அவர் மச்சினனின் தங்கும் விடுதி இருந்தது. "பாத்ரூம் உள்ளயே கீதுக்கா, சுடுதண்ணி வரும், நான் கேரண்டி" என்று அவராகவே ரஹ்மத்திடம் சொன்னார். அவள் முகம் சிவந்துவிட்டது. இதை நான் அவரிடம் சொல்லிவைத்தேனோ என்று ஒரு பார்வை பார்த்தாள். சத்தியமாக நான் சொல்லவில்லை. எட்டு வருஷம் நம்ம ஊரில் இருந்தவருக்கு, நம்ம ஊர்ப் பெண்கள் வெளியூரில் முதலில் எதைத் தேடுவார்கள் என்று தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

பொக்காராவில் ஐந்து நாள் இருந்தோம். ஏரி, படகு, குளிர் எல்லாம் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள், நான் வேறு எழுத வேண்டாம். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் நின்றிருந்தபோது மேகம் விலகி, மீன்வால் போல உச்சி பிளந்த அந்த மலை முழுசாகத் தெரிந்தது. ரஹ்மத் போனை எடுக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். அரை மணி கழித்து, "வீடியோல இவ்ளோ கிட்ட இல்ல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

திரும்பும் வழியும் அப்படித்தான் போயிற்று. காசியில் ஒரு பட்டுப்புடவை வாங்கினாள். அதற்கு நான் பேசிய பேரத்தைக் கடைக்காரர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். ஒவ்வொரு சாயங்காலமும் ஐந்து மணிக்குள் சாவியை ஆட்டிக்கொண்டே வந்தேன். இருபத்தைந்து ராத்திரி, ஒரு தோல்வி இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நான் இவ்வளவு கர்வமாக இருந்ததில்லை.

இருபத்தாறாம் நாள் மத்தியானம் காஞ்சிபுரத்தில் சாப்பிட்டோம். அங்கேயே மழை பிடித்துக்கொண்டது. ஒரகடம் வந்து, வழக்கமாக வண்டலூர் பக்கம் திரும்புகிற ரோட்டில் போலீஸ் தடுப்பு. தண்ணீர் ரோட்டுக்கு மேல் ஓடுகிறது, சிங்கப்பெருமாள் கோவில் வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போங்கள் என்றார்கள். இருபத்தெட்டு வருஷம் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போன ரோடு. அன்று கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு ஓட்டினேன். சிங்கப்பெருமாள் கோவில் பாலத்தின் மேல் ஏறும்போது செல்வத்திடமிருந்து போன்.

"பாய், எங்க இருக்கீங்க? இங்க வராதீங்க. தெருவுல முட்டிக்கு மேல தண்ணி. கரண்ட் இல்ல. உங்க வீட்டுப் படியில மூணு படி முங்கிடுச்சு. நாங்களே மாடில இருக்கோம்."

"உள்ள வந்துருமா?"

"வராது. மழ விட்டா காலைல வடிஞ்சிடும். இன்னைக்கு எங்கயாச்சும் தங்கிட்டு வாங்க."

குரோம்பேட்டைத் தங்கையைக் கூப்பிட்டேன். "வாங்க அண்ணா, ஆனா பெருங்களத்தூர்ல வண்டி நகரவே மாட்டேங்குதாம். இவரு ரெண்டு மணி நேரமா அதுலதான் நிக்கிறாரு" என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ரஹ்மத்துக்கும் கேட்டது. நகராத வண்டிகளுக்கு நடுவில் இரண்டு மணி நேரம். அவள் திறந்த தண்ணீர் பாட்டிலைக் குடிக்காமலே மூடி வைத்தாள்.

"விடு, கூடுவாஞ்சேரில ரூம் எடுத்துருவோம்" என்றேன். "ஜபல்பூர்லயே எடுத்தவன்."

மணி நாலு. முதல் லாட்ஜ், ரயில்வே ஸ்டேஷன் பக்கம். கவுண்டரில் என் வயசு மேனேஜர். அறை இருக்கிறது என்றார். ஆதாரைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார்.

"முடிச்சூரா சார்?"

"ஆமா."

"லோக்கல் ஐடிக்கு ரூம் தர்றதில்ல சார்."

எனக்குப் புரியவில்லை. "ஏன்?"

"வூடு கிட்டக்க இருக்கச்சொல்ல எதுக்கு சார் ரூமு?"

"வீட்டைச் சுத்தித் தண்ணி நிக்குது."

"தெரியுது சார். ஓனர் ரூலு. நான் இன்னா பண்றது." அவர் கண் என்னைத் தாண்டி, வாசலில் நின்ற காரில் இருந்த ரஹ்மத் மேல் போய்த் திரும்பியது.

"அது என் மனைவி. கல்யாணமாகி இருபத்தொம்போது வருஷம் ஆச்சு."

"நான் ஒண்ணியும் சொல்லலையே சார்" என்றார்.

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உள்ளூர் விலாசத்தோடு உள்ளூரில் அறை கேட்கிற ஜோடியை நம்ம ஊர் லாட்ஜ்கள் எப்படிப் பார்க்கும் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஐம்பத்தொன்பது வயசில், வழுக்கைத் தலையோடு, அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ரஹ்மத்திடம் அறை காலியில்லை என்று பொய் சொன்னேன்.

இரண்டாவது லாட்ஜிலும் அதே கதை. மூன்றாவதில் நானாக முந்திக்கொண்டு, சொல்கிற விலைக்கு மேல் ஐந்நூறு தருகிறேன் என்றேன். இருபத்தெட்டு வருஷப் பர்ச்சேஸ் வாழ்க்கையில் விலையை ஏற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஆளுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. கல்யாணச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். நேபாளத்தில் ஒரு மலைக்கிராமத்தில் எங்களை அக்கா, அண்ணா என்று கூப்பிட்டு அறை கொடுத்தார்கள். நான் முப்பது வருஷமாக வரி கட்டுகிற ஊரில் எனக்குப் படுக்க இடமில்லை. எரிச்சலும் அவமானமுமாகக் காருக்குள் வந்து கதவை அறைந்து சாத்தினேன்.

"அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குக் கேட்டுச்சு" என்றாள் ரஹ்மத். "கண்ணாடி இறக்கித்தான் இருந்துச்சு."

பிறகு போனை எடுத்தாள். அறை புக் பண்ணுகிற செயலியைத் திறந்தாள். அது அவள் போனில் இருப்பதே எனக்குத் தெரியாது. கூடுவாஞ்சேரியில் நாலு இடம் காட்டியது. ஒவ்வொன்றையும் தட்டிக் கீழே விதிமுறைகளைப் படித்தாள். நாலிலும் அதே வரி, உள்ளூர் அடையாள அட்டை ஏற்கப்படாது. வெளியே வரப் பின்னால் தள்ளியபோது, அவள் பழைய பதிவுகளின் பட்டியல் திறந்துகொண்டது. ஓங்கோல், ரத்து. நாக்பூர், ரத்து. ஜபல்பூர், ரத்து. பொக்காரா, காசி, ஹைதராபாத். விரல் படப் பட ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன இது?"

சட்டென்று மூடப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். "தினம் காலைல ஒண்ணு புக் பண்ணி வெச்சிருவேன். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கேன்சல் பண்ணா காசு புடிக்க மாட்டான். நீங்க சாவி வாங்கினதும் கேன்சல் பண்ணிருவேன்."

"ஜபல்பூர்லயும்?"

"நீங்க பஞ்சர் கடைல விசாரிச்சிட்டு இருந்தீங்கல்ல, அதுக்கு எதிர்லயே இருந்துச்சு நம்ம ரூம்."

நேபாளத்தில் சிம் வாங்கியே ஆக வேண்டும் என்று அவள் அடம்பிடித்தது எதற்கு என்று இப்போது புரிந்தது. "ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க போயி பேரம் பேசுவீங்களா? சாவிய ஆட்டிக்கிட்டு வருவீங்க. அந்த மூஞ்சியப் பாக்க நல்லா இருந்துச்சு." வைப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு ரூம் இருக்குன்னு தெரிஞ்சாதாங்க எனக்கு வழில தண்ணி குடிக்கவே தைரியம் வரும்."

என் அத்தனை வெற்றியும் அந்த நிமிஷத்தில் காற்றில் போயிற்று. வருத்தம் அதில் இல்லை. இருபத்தைந்து நாள் தன் பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு, என்னையும் ஜெயிக்கவிட்டு, பக்கத்து ஸீட்டில் சும்மா வந்திருக்கிறாளே என்பதுதான் வருத்தம். நான் நல்ல கணவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாமர்த்தியமானவன் என்றாவது நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு எங்க புக் பண்ணிருக்க?"

"இன்னைக்குப் பண்ணல. வீட்டுக்குத்தானே போறோம்னு விட்டுட்டேன்."

மணி நாலு ஐம்பது. மழை குறைகிற மாதிரி தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற பஸ்ஸுக்கு வழிவிட்டு, கிளம்பி மெதுவாக ஊர்ந்தேன். முன்னால் வண்டலூர் வரைக்கும் சிவப்பு விளக்குகள். கடைசியாக அவள் இறங்கியது காஞ்சிபுரத்தில். கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"வருதா?" என்று கேட்டேன்.

"இப்ப வரல. வரும்னு பயமா இருக்கு. இந்த வரிசைல மாட்டினா வந்துரும்."

அன்றைய பல்லாவரம் பஸ் எங்கள் இருவர் கண் முன்னாலும் நின்றது. டாக்டரம்மா சொன்ன வார்த்தை வேறு காதில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று இங்கே ஒன்று நடந்தால், மலை பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"நிறுத்துங்க" என்றாள் திடீரென்று.

இடதுபக்கம் ஒரு கல்யாண மண்டபம். நனைந்த வாழை மரங்கள், மின்விளக்கில் மணமக்கள் பெயர், உள்ளே நாதஸ்வரம். அன்று ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்று போர்டில் இருந்தது. வாசலில் கார் நிறுத்தும் இடம் முக்கால்வாசி காலி.

"மண்டபத்துல ரூம் இருக்கும்" என்றாள்.

"அது கல்யாண வீட்டுக்காரங்களுக்கு. தெரியாதவங்க வீட்டு விசேஷத்துல போயி என்னன்னு கேக்கறது?" நான் ஏற்கனவே மூன்று இடத்தில் மூக்குடைபட்டவன். நாலாவது இடத்துக்குக் காலே எழவில்லை. அவளையும் அந்தப் பார்வை பார்ப்பார்கள் என்ற பயம் வேறு.

"ஆதார் கேக்க மாட்டாங்க இல்ல?" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் வாசல் படியேறிவிட்டாள். மூன்று வருஷத்தில் அவள் தனியாக ஓர் அந்நியக் கட்டடத்துக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை. பன்னீர் தெளிக்க நின்ற பெண் தெளித்தாள். இவள் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய் மறைந்தாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. உள்ளே என்ன அவமானமோ, போய் அழைத்துவரலாமா, போனால் இன்னும் அசிங்கமாகிவிடுமா என்று ஒன்றும் ஓடவில்லை. கடைசியில் இறங்கி, நனைந்துகொண்டே ஓடினேன்.

மழைக்காகப் பந்தியைச் சீக்கிரமே தொடங்கி, சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தார்கள். பாதி இலைக்கு ஆளில்லை. ரஹ்மத் ஓர் ஓரத்தில், பட்டுப்புடவையும் வைரமூக்குத்தியுமாக இருந்த ஓர் அம்மாவோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். கை அசைத்து என்னைக் கூப்பிட்டாள்.

"இவங்கதான் மாப்பிள்ளையோட அம்மா" என்றாள்.

நடந்தது இதுதான். மண்டப மேனேஜர் இவளிடம் ஆதார் கேட்கவில்லை. "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். இரண்டில் எதையாவது சொல்லியிருந்தால் சாவி கிடைத்திருக்கும். இவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். மேனேஜர் திகைத்துப்போய், ரூமெல்லாம் கல்யாண வீட்டார் எடுத்தது, அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றிருக்கிறார். இவள் நேராக மாப்பிள்ளையின் அம்மாவிடமே போய்விட்டாள். அவர் தாம்பரம் பக்கத்திலிருந்து வரவேண்டிய சொந்தக்காரர்கள் யாரும் வந்து சேராத கவலையில் இருந்தவர்.

"முடிச்சூர்ல தண்ணின்னு டிவிலயே காட்டினாங்களே சார்" என்றார் என்னிடம். "எங்க நாத்தனார் குடும்பம் மொத்தமும் அந்தப் பக்கம்தான், வரவே முடியலன்னு அழுவுறாங்க. அவங்க ரூம் சும்மாத்தான் கெடக்கு, இருங்க. ஒண்ணே ஒண்ணு, இங்க சைவச் சாப்பாடுதான். உங்களுக்குப் பரவால்லையா?"

நான் இருபத்தாறு நாளில் பேசிய பேரங்களில் இப்படி ஒரு நிபந்தனை யாரும் போட்டதில்லை. பரவாயில்லை என்றேன். என்ன வாடகை என்று கேட்க வாயெடுத்தேன். ரஹ்மத் என் காலை மிதித்தாள்.

ஆறாம் நம்பர் அறை. அவள் போய்விட்டுப் பத்து நிமிஷத்தில், முகம் கழுவித் தலை வாரி இறங்கி வந்தாள். காலி இலைகளில் எங்களை உட்காரவைத்து, வராத நாத்தனார் குடும்பத்தின் பங்கையும் சேர்த்துப் பரிமாறினார்கள். பந்தியில் இந்தப்பக்கம் இருந்த பாட்டியோடும் அந்தப்பக்கம் இருந்த வங்கிக்காரப் பெண்ணோடும் அவள் நேபாளத்தைப் பற்றி ஓயாமல் பேசினாள். மேடையில் ஆள் போதவில்லை என்று போட்டோவுக்கும் எங்களை ஏற்றிவிட்டார்கள். யாரோ ஒரு புதுமணத் தம்பதியின் ஆல்பத்தில், என் நனைந்த சட்டை நிரந்தரமாக இருக்கப் போகிறது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. காசிப் பட்டைக் கட்டிக்கொண்டு முகூர்த்தத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்தாள். மணமக்கள் கையில் ஒரு கவரைக் கொடுத்தோம். அதில் எவ்வளவு வைப்பது என்பதை அவளே முடிவு செய்தாள். ஒன்பது மணிக்குச் செல்வம் கூப்பிட்டு, தண்ணீர் வடிந்துவிட்டது, கரண்ட் வந்துவிட்டது, படியைக்கூடக் கழுவிவிட்டுவிட்டேன் என்றார். மாப்பிள்ளையின் அம்மா ரஹ்மத்தின் கையைப் பிடித்து, தாம்பூலப் பையைக் கொடுத்து வழியனுப்பினார்.

காரில் உட்கார்ந்ததும் நான் தோல்வியை ஒப்புக்கொண்டேன். மனசாரத்தான் சொன்னேன். "சரி ரஹ்மத், நீ சொன்னதுதான் சரி. அடுத்த ட்ரிப்புக்கு எல்லா ஊர்லயும் முன்னாடியே புக் பண்ணிருவோம்."

அவள் தாம்பூலப் பையைப் பின்ஸீட்டில் வைத்துவிட்டு பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கு?" என்றாள். "அடுத்த தடவ நீங்க வண்டியிலயே உக்காந்திருங்க. நான் இறங்கிப் போயிக் கேக்குறேன்."